காற்றுக்கு எதிரே ஓடிய பூநாரை

ஜெபசுதா டீச்சர் வீட்டில் அன்று காலை தோசை கருகியது.

மற்ற வீடுகளில் இதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். இந்த வீட்டில் செய்திதான். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்துகிற டீச்சர், வீட்டு அடுப்பையும் அதே கண்டிப்போடு நடத்துகிறவர். ஆனால் இந்த வாரம் முழுக்க ஒரு நாள் குழம்பு, ஒரு நாள் தோசை என்று ஏதாவது அடிப்பிடித்துக்கொண்டே இருந்தது. அடுப்பு எரியும்போது டீச்சரின் கவனம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

“என்ன சுதா, வாடை வருது?” என்று ஹாலிலிருந்து கணவர் ஞானையா மெதுவாக விசாரித்தார்.

“தோச வாடதான். நீங்க பேப்பரப் படிங்க.”

அவர் பேப்பர் படிக்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் இருந்த காக்கிக் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாசரேத் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மகள் ஜெனிலாவுக்கு விரிவுரையாளர் வேலை. தெரிந்தவர்களிடம் சொல்லி, போன வாரம் அவரே நேரில் போய் வாங்கி வந்த ஆர்டர். அதை வைத்து இந்த வீட்டில் நடந்த சண்டை மில்லர்புரம் தெருக்கோடி வரை கேட்டது. கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் செய்த பூநாரை பறந்தால் ஜெனிலா தன் வேலையில் இருக்கலாம். பறக்காவிட்டால் திங்கட்கிழமை சேலை கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான்.

ஜெனிலா மெக்கானிக்கல் படித்தவள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்காக வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பறக்கும் எந்திரங்கள் செய்கிறாள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேதான். ‘ஏழு வானம்’ என்று ஒரு விளையாட்டு. அந்த உலகத்தில் நிலம் முழுவதும் தீவு தீவாக ஆகாயத்தில் மிதக்கும். பெட்ரோல் கிடையாது, கரண்ட் கிடையாது. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போக, சுருள்வில்லும் பற்சக்கரமும் துருத்தியும் வைத்துச் செய்த எந்திரம்தான் கதி.

அவள் செய்தவற்றைப் பார்த்தால் நமக்கே ஒரு தடவை ஏறிப் பார்க்கலாமா என்று தோன்றும். முதுகு ஓட்டைத் திறந்துகொண்டு கிளம்பும் பித்தளை வண்டு. துருத்தியால் காற்றைப் பீய்ச்சிப் பின்பக்கமாகவே பறக்கும் கணவாய் மீன். துறைமுகத்திலிருந்து நீள லாரியில் ஊர்ந்து போகுமே காற்றாலை இறக்கை, அதைப் பார்த்துச் செய்த ஒற்றைச் சிறகு ஓடம். இவையெல்லாம் ஏற்கெனவே விளையாட்டில் பறந்துகொண்டிருக்கின்றன.

பூநாரைதான் இழுபறியில் கிடந்தது. கம்பெனி ஒரு வாரமாக, பெயர் பதிந்தவர்களுக்கெல்லாம் அதைத் திறந்துவிட்டிருந்தது. ஒருவராலும் எழுப்ப முடியவில்லை. இன்று சாயங்காலம் கடைசிச் சோதனை. ஒரே ஒருவராவது அதைத் தண்ணீரிலிருந்து எழுப்பி எதிர்த் தீவில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பூநாரையை எடுத்துவிடுவார்கள். அவளுடைய ஒப்பந்தமும் அதோடு முடியும்.

ஜெனிலா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு.

“அப்பா, இன்னைக்கு வீட்டு ஜெபக்கூட்டம் நம்ம முறையாமே. வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லக் கூடாதா?”

“ஜெபக்கூட்டத்த எப்படிளா மாத்துறது. முறை வந்தா வந்ததுதான்.” ஞானையா பேப்பரை மடித்தார். “அதுபோக, சபை ஆளுவ எல்லாம் பாக்கணும்னு ஆசையா வாராவ.”

“எதப் பாக்க?”

ஞானையா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். துறைமுக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் பயந்தவர் இல்லை. ஆனால் மகள் விளையாட்டு செய்கிறாள் என்று சபையில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. யார் கேட்டாலும் ‘ஏரோப்ளேன் டிசைன் பண்ணுதா’ என்று சொல்லி வைத்திருந்தார். அதோடு விட்டிருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பம் கேட்டபோது எழுந்து நின்று, மகள் செய்த விமானம் வெள்ளிக்கிழமை பறக்கப்போகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

“ஏம்ப்பா அப்படிச் சொன்னிய?”

“பறக்குதுல்லா. பறந்தா ஏரோப்ளேன்தானே.”

“அதுக்குக் கால் இருக்குப்பா.”

“ஏரோப்ளேனுக்கும் சக்கரம் இருக்குல்லா.”

ஜெனிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“மொதல்ல அது பறக்கட்டும்” என்று அடுக்களையிலிருந்து ஜெபசுதாவின் குரல் வந்தது. பிறகு அவரே வந்தார். தோளில் பை, கையில் செல்போன். சார்ஜரையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். “இல்லாத உலகத்துல, இல்லாத காத்துல, இல்லாத பறவை. எனக்கு ஒண்ணும் வெளங்கல. தோச மூடி வச்சிருக்கு. கருகுனதப் பிச்சுப் போட்டுட்டுத் தின்னுங்க.”

ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் பூநாரை பிறந்தது. ஜெபசுதாவுக்குப் பழையகாயல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. ஜெனிலாவும் அங்கேயே படித்தாள். தினமும் உப்பளங்களின் ஊடே போகும் ரோடு. வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் பாத்திகளில் பூநாரைகள் வந்து நிற்கும். சில நாள் அவை தண்ணீர் மேலேயே தடதடவென்று ஓடி, ஓடின ஓட்டத்தில் எழும்பும். சிறகைத் திறந்தால் உள்ளே அவ்வளவு சிவப்பு.

“அம்மா, வண்டிய நிறுத்துங்கம்மா, ஒரு நிமிஷம்” என்று ஜெனிலா தினமும் கெஞ்சுவாள்.

“முதல் பெல் அடிச்சிரும்ளா.”

ஒரு நாள்கூட டீச்சர் வண்டியை நிறுத்தவில்லை. ஓடுகிற வண்டியில் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்ததைத்தான் ஜெனிலா இப்போது எந்திரமாகச் செய்திருந்தாள்.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியார் நடுவில் உட்கார்ந்தார். பெண்கள் சங்கத்துப் பிளாரன்ஸ் அக்கா டிவிக்கு நேர் எதிரே இடம் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாமே? எங்க அண்ணன் மவ சொன்னா. எச்.எம். ஏசுனாவளாம்.”

“வண்டி மக்கர் பண்ணிட்டு” என்று ஜெபசுதா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. வேத வாசிப்பு முடிந்தது. உபதேசியார் ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் ஜெபம் பண்ணினால் உலகத்தில் ஒரு தேசமும் விட்டுப்போகாது. ஜெனிலா ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் விமானத்துக்கு வந்தார். ஆகாய மார்க்கமாகப் போகிற அந்த விமானத்தையும், அதில் பிரயாணம் பண்ணுகிற ஜனங்களையும், அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் காக்கும்படி உருக்கமாக மன்றாடினார். ஞானையா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஆமென் சொன்னதும் ஜெபசுதா எழுந்தார். “டீ போட்டுட்டு வாரேன்.”

“டீச்சர், பிள்ளையோட ஏரோப்ளேனப் பாக்காண்டாமா?” என்றார் பிளாரன்ஸ் அக்கா.

“நீங்க பாருங்க. எனக்கு அடுப்புல வேல இருக்கு.”

அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது ஜெனிலாவுக்கு வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்தாள். ஹெட்போனில் பெங்களூரிலிருந்து வேல்விழி பேசினாள். ஜெனிலாவுக்கு மேலே இருக்கிற பொறுப்பாளர். “ஜெனி, எல்லாரும் உள்ளே வந்துட்டாங்க. ஆரம்பிக்கலாமா?”

டிவியில் ஏழு வானம் திறந்தது. ஆகாயத்தில் மிதக்கும் ஒரு பெரிய தீவு. அதன் நடுவே ஆழமில்லாத தண்ணீர், வெயிலில் ஈயம் மாதிரி மின்னியது. கரையில் ஒரு கம்பத்தில் சிவப்புத் துணி காற்றில் படபடத்தது. தண்ணீருக்குள் பூநாரைகள் நின்றன. பித்தளைக் கால்கள், பின்பக்கம் மடங்கும் முட்டிகள். மூங்கில் விலா எலும்புகளின் மேல் இழுத்துக் கட்டிய பாய்த்துணிச் சிறகு. நெஞ்சுக்குள் பிரம்பு நாற்காலி, அதில் ஓட்டுகிறவர். நீளக் கழுத்து முன்னும் பின்னும் அசைந்து பாரத்தைச் சரி பார்த்துக்கொண்டது.

“இது எந்த ஏர்போர்ட்டு ஜெனிலா, வாகைக்குளமா?” என்று பிளாரன்ஸ் அக்கா கேட்டார்.

ஜெனிலா அப்பாவைப் பார்த்தாள். ஞானையா எழுந்து நின்றார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டார்.

“இது நெச ஏரோப்ளேன் இல்ல. கம்ப்யூட்டர்ல பிள்ளைக விளையாடுதாவல்லா, அது. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். எல்லாரும் மன்னிக்கணும்.”

அப்பா வெட்கப்பட்டார் என்பதை அவர் வாயாலேயே கேட்டபோது ஜெனிலாவுக்குக் காது மடல் சுட்டது. இவ்வளவு பேர் முன்னால் உண்மையைச் சொன்னாரே என்று ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

உபதேசியார் ஜெபித்துவிட்ட பெட்டி படுக்கைகளை நினைத்தோ என்னவோ தாடியைத் தடவினார். பிளாரன்ஸ் அக்காதான் முதலில் பேசினார்.

“அதுக்கென்ன அண்ணாச்சி. இவ்வளவு நேரம் ஜெபம் பண்ணியாச்சு. பறக்குதா இல்லியான்னு பாத்துட்டே போவோம்.”

சோதனை தொடங்கியது. முதல் பூநாரை ஓடியது. நாலடி வைத்ததும் ஓட்டியவர் சிறகை அடித்தார். எந்திரம் முகங்குப்புற விழுந்தது. அடுத்தது ஓடியது, விழுந்தது. அதற்கடுத்தது ஓடாமலே எழும்பப் பார்த்துப் பின்பக்கமாக உட்கார்ந்தது. தண்ணீர் முழுக்கப் பித்தளைக் கால்கள் ஆகாயத்தைப் பார்த்து உதைத்துக்கொண்டிருந்தன.

“ஜெனி, மேலிடத்துல எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க” என்றாள் வேல்விழி. குரலில் கவலை.

“அவங்க ஓட மாட்டேங்கிறாங்க வேல்விழி. ஓட்டம்தான் அதுக்குச் சாவி. ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே சுருள்வில் முறுக்கேறணும். ஏறினாத்தான் சிறகுக்கு வலு.”

பிளாரன்ஸ் அக்கா பொறுக்க முடியாமல் குனிந்து டிவியைக் காட்டினார். “ஏளா, கரையில செவப்புத் துணி அங்கனருந்துல்லா அடிக்குது. காத்து எதிர்ல இருக்கணும்லா. இவனுவ ஏன் காத்துக்கு முதுகக் காட்டிட்டு ஓடுதானுவ?”

“அதான, கொக்குகூட அப்படி எழும்பாதே” என்றார் உபதேசியார்.

ஹாலில் எல்லோரும் தலையாட்டினார்கள். வேல்விழி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததன் அர்த்தம் ஜெனிலாவுக்கு இப்போதுதான் உறைத்தது. ஓட்டுகிறவர்களுக்குத் திரையில் ஒரு குறிப்பு எழுதிப் போடு என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓட வேண்டும் என்று மட்டும் எழுதிப் போட்ட ஜெனிலா, காற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. காற்றைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்பதை ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? இந்தக் கரையில் துணி காயப்போடுகிறவர்கள்கூட முதலில் காற்று எந்தப் பக்கம் என்றுதானே பார்ப்பார்கள்.

“இப்பவாவது ஒரு வரி போட முடியுமா வேல்விழி?”

“பூட்டியாச்சு ஜெனி. இனிமே எதையும் மாத்த முடியாது. விளையாடுறவங்க எல்லாரும் உங்க ஊர்ல பிறக்கலையேம்மா.”

நேரம் கரைந்தது. ஒவ்வொருவராகச் சலித்து வெளியேறினார்கள். தண்ணீரில் எந்திரங்கள் குறைந்தன. ஜெனிலா காக்கிக் கவரைப் பார்த்தாள். திங்கட்கிழமை கண்முன் வந்து நின்றது. எட்டு மாதம் ராப்பகலாகச் செய்த ஒன்று, ஒருமுறைகூடப் பறக்காமல் போகப்போகிறது.

அப்போதுதான் ஓரத்தில் தனியாக நின்ற ஒரு பூநாரை அசைந்தது.

அது உடனே ஓடவில்லை. கழுத்தைத் திருப்பிச் சிவப்புத் துணியைப் பார்த்தது. பிறகு நிதானமாகக் காலைத் தூக்கி வைத்து, காற்றுக்கு நேர் எதிரே திரும்பி நின்றது.

“அப்படித்தான்” என்று ஞானையா தன்னை மறந்து சொன்னார்.

ஓட ஆரம்பித்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறியது. ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே சக்கரத்தில் ஒரு பல் ஏறும் சத்தம். கட் கட் கட் என்று அது வேகமானது. சிறகு பாதி விரிந்தது. இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்பட்டு விழுந்தார்கள். இது அவசரப்படவில்லை. உடம்பு எழும்பிய பிறகும் கால்கள் தண்ணீரை மிதித்துக்கொண்டே இருந்தன. இன்னும் ஒரு மிதி. இன்னும் ஒன்று. அதற்குப் பிறகு சிறகு முழுக்கத் திறந்தது. அடியில் அவ்வளவு சிவப்பு.

பிளாரன்ஸ் அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

தண்ணீர் கீழே போனது. தீவின் விளிம்பு கீழே போனது. அதற்கப்பால் ஒன்றுமில்லை, வெறும் ஆகாயம். பூநாரை கால்களை மெல்லப் பின்பக்கம் மடக்கி, கழுத்தை நீட்டி, காற்றின் மேல் சாய்ந்து மிதந்தது. மூங்கில் விலாக்கள் வளைந்து கொடுத்தன. பாய்த்துணியில் வெயில் ஊடுருவி, ஓட்டுகிறவரின் பிரம்பு நாற்காலி மேல் விழுந்தது. ஜெனிலா ஒவ்வொரு திருகாகச் செய்த எந்திரம். ஆனாலும் அந்த நிமிஷம் அது அவள் செய்ததாகவே தோன்றவில்லை. பாத்தியிலிருந்து எழும்பி, ஸ்கூட்டருக்கு மேலாகப் பறந்துபோன ஒன்றாகத் தோன்றியது.

“எவ்வளவு அழகா இருக்கு” என்றார் பிளாரன்ஸ் அக்கா.

கீழே மிச்சமிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். அவர்களுடைய பூநாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, ஓடின. ஒன்று விழுந்தது, இரண்டு எழும்பின. முதலில் எழும்பிய பூநாரை எதிர்த் தீவின் தண்ணீரில் ஓடிக்கொண்டே இறங்கி நின்றபோது, அதன் பின்னால் ஆகாயத்தில் ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது.

“ஜெனி, பூநாரை இருக்குது. யாரும் எடுக்க மாட்டாங்க” என்று வேல்விழி கத்தினாள். “அதை ஓட்டினது யாருன்னு பாரு முதல்ல.”

ஜெனிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். இறங்கி நின்ற எந்திரத்தின் மேல் ஓட்டியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் சின்னதாக எழுதியிருந்தது.

முதல் பெல்.

“டீச்சர் போட்ட டீ என்னாச்சு?” என்று யாரோ கேட்டார்கள்.

ஜெனிலா அடுக்களைக்குப் போனாள். டீ சுண்டிச் சட்டியின் அடியில் கிடந்தது. ஜெபசுதா மேடையோரம் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றியில். கையிலிருந்த செல்போனில் பித்தளைக் கால்களும் தண்ணீரும்.

“டீ சுண்டிட்டு. செத்த நேரம் பொறு.”

“அம்மா.”

“வேற என்ன பேரு வைக்க? கேட்டதும் அதுதான் வாயில வந்துது.” டீச்சர் போனைக் கீழே வைக்கவில்லை. “ஒரு வாரமா விழுந்து விழுந்து எந்திரிக்கேன். காத்து எந்தப் பக்கம்னு மொதல் நாளே தெரிஞ்சுட்டு. எவ்வளவு தூரம் ஓடணும்னுதான் பிடிபடல.”

“பொறவு எப்படிம்மா?”

“இன்னைக்குக் காலையில உப்பளத்துல வண்டிய நிறுத்திப் பாத்தேன்.”

அப்படியானால் காலையில் வண்டி மக்கர் பண்ணவே இல்லை.

“எழும்புனதுக்குப் பொறவும் அது நாலு மிதி மிதிக்குது. நீ அதையும் செஞ்சு வச்சிருக்க” என்றார் ஜெபசுதா. “இத்தன வருஷம் நிறுத்தலியே தவிர, நானும் பாத்துக்கிட்டுத்தாம்ளா வண்டிய ஓட்டுனேன்.”

மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டீச்சர் ஒரு கையால் அவள் முதுகைத் தட்டினார். மறு கை இன்னும் போனை விடவில்லை.

அடுக்களை வாசலில் காலடிச் சத்தம். ஜெபசுதா சட்டென்று போனைச் சீனி டப்பாவுக்குப் பின்னால் தள்ளினார்.

ஞானையா கையில் காக்கிக் கவரோடு வந்து நின்றார். முகம் எல்லாம் சிரிப்பு. “இந்த ஆர்டரத் திங்கக்கிழம நானே போய்த் திருப்பிக் குடுத்துட்டு வாரேன். சொன்ன சொல்லு சொன்னதுதான். ஏளா, அந்தக் கம்பெனிப் பொண்ணு ஹெட்போன்ல பேசுச்சு. இன்னைக்கு ஓட்டுனாம்லா ஒரு பையன், அவன வேலைக்கே எடுக்கணுமாம். பெங்களூருக்கு வரச் சொல்லி இப்பவே போன் போடுதாவளாம். எந்த ஊர்க்காரனோ, கெட்டிக்காரன். என்ன சுதா?”

“ஆமா” என்றார் ஜெபசுதா. “இந்தாங்க, தட்டப் பிடிங்க. ரெண்டாவது டீ இப்பக் கொதிச்சிரும்.”

ஞானையா தட்டை வாங்கினார்.

சீனி டப்பாவுக்குப் பின்னால் போன் மணி அடித்தது.